நீல மூடிப் புட்டி

இரண்டாவது புட்டியைத் திறந்ததுமே அவளுக்கு மூக்கும் வயிறும் சேர்ந்து எரிந்தன. ஃபார்மலின்! ஆஸ்பத்திரியின் திசுப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தொரு வருடமாகச் சதைத் துணுக்குகளைச் சீவிக் கண்ணாடியில் ஏற்றுகிறவளுக்கு அந்த வாடை தெரியாதா? முதல் புட்டியில் சதை கெடாதிருக்க அது வேண்டியதுதான். இரண்டாவது ஒளிரும் சாயப் பரிசோதனைக்கு; அதில் இருந்தால் எல்லாம் பாழ். அதற்கென்றே தனித் திரவம் ஊற்றி, நீல மூடி போட்டு, மாடியில் தோல் டாக்டர் அறையின் ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறாள். எழுந்து போய் எடுக்கத்தான் அங்கே யாருக்கும் உடம்பு வணங்கவில்லை.

வந்திருந்தது அவளுடைய நாத்தனாரின் தோல்.

நாத்தனார் ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவள். புருஷனோடு ஒத்துவராமல் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். இரண்டு மாதத்துக்கு முன் வாயெல்லாம் புண். பிறகு முதுகிலும் கையிலும் தொளதொளவென்று கொப்புளங்கள். “தொத்து வியாதி இல்லைன்னு எழுதி வாங்கிட்டு வா. சனிக்கிழமைக்குள்ள வரலைன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன்” என்று கடைக்காரர் அனுப்பிவிட்டார். அவராவது அந்நியர். வீட்டில் மாமியார், பெற்ற தாய், மகளுக்கென்று தட்டும் டம்ளரும் ஒதுக்கி மூலையில் உட்கார வைத்துவிட்டார். அந்தத் தட்டில் சாப்பாடு போடும்போதெல்லாம் இவளுக்கு மாமியார் மேல் பற்றிக்கொண்டு வரும். ரிப்போர்ட் வரட்டும், அப்புறம் இருக்கிறது கச்சேரி என்று பல்லைக் கடித்துக்கொள்வாள்.

இன்றைக்குப் புதன்கிழமை. புட்டியும் கையுமாக மாடிப்படி ஏறினாள்.

“சார், ரெண்டு புட்டியிலயும் ஃபார்மலினை ஊத்தி அனுப்பியிருக்கீங்க.”

இளம் டாக்டர் போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “ஒண்ணு சரியாத்தானே இருக்கு? அதை வெச்சுப் பாருங்க.”

“அது கொப்புளத்தோட நட்டநடுவுல எடுத்தது. பிஞ்சு போனதுல எதைப் பார்க்கறது? செல்லும் செல்லும் இன்னும் பிடிச்சுக்கிட்டு நிக்கற இடம் வேணும். கொப்புளத்துக்குப் பக்கத்துத் தோல்.”

“சரி, அடுத்த வாரம் வரச் சொல்லுங்க.”

“அடுத்த வாரமா?” அவள் குரல் வராந்தா வரைக்கும் போயிற்று. “உங்க சோம்பேறித்தனத்துக்கு அவ முதுகுல ஓட்டை போட்டதே போதாதா? வெளிய வந்து பாருங்க சார். நாலு பேர் உக்கார்ற பெஞ்சுல அவ ஒருத்திதான் உக்காந்திருக்கா. மத்தவங்கெல்லாம் நின்னுக்கிட்டிருக்காங்க!”

டாக்டர் வந்து பார்த்தார். திரும்பி வந்து கையுறையை மாட்டினார். அவர் தோலை எடுத்து முடிக்கும்வரை அவள் நீல மூடிப் புட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

மறுநாள் அந்தத் துணுக்கை உறையவைத்துச் சீவி, ஒளிரும் சாயம் இட்டு, இருட்டறை நுண்ணோக்கியில் வைத்தாள். பச்சையாக ஒரு வலை தெரிந்தது. ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் ஒரு கோடு. பக்கத்துச் செல்லைப் பிடித்துக்கொள்ளத் தோல் செல்லின் விளிம்பில் சட்டைப் பொத்தான் மாதிரி பிடிகள் உண்டு. கிருமியை அடிப்பதற்காக உடம்பு தயாரித்த காவல்படை, புத்தி பிசகி, அந்தப் பிடிகளையே பகை என்று நினைத்து அடித்துக்கொண்டிருந்தது; பச்சையாக ஒளிர்ந்தது அந்தப் படைதான். பாவம், எந்தச் செல்லும் பக்கத்துச் செல்லைத் தானாக விடவில்லை. காவலுக்கு இருந்ததே பிரித்துவிட்டது. இதில் இன்னொருவருக்குத் தொத்த என்ன இருக்கிறது? அவளுக்கு வந்த ஆத்திரத்தில் கண் கலங்கி வலை மங்கியது.

வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்டில் கையெழுத்தாயிற்று. மாத்திரையும் தொடங்கியாயிற்று. கடைக்காரர் தாளை இரண்டு தரம் படித்துவிட்டு, “புண்ணு ஆறினதும் வா, உன் இடம் அப்படியே இருக்கும்” என்றார். அதே வேகத்தில் அவளும் நாத்தனாரும் வீட்டுக்கு வந்தார்கள்.

“படிங்க அத்தை, நல்லா சத்தமாப் படிங்க! தொத்தாதுன்னு போட்டிருக்கு. பெத்த பொண்ணை மூலையில உக்கார வெச்சீங்களே, உங்களுக்கு மனசு எப்படி வந்துச்சு?”

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இவளுக்கு இன்னும் ஆறவில்லை. அடுத்ததற்கு வாயெடுத்தபோது நாத்தனார் குறுக்கே பேசினாள்.

“அண்ணி, இது தொத்தாதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“பார்த்த அன்னிக்கே தெரியும்! இருபத்தொரு வருஷமா இதைத்தானே பார்க்கறேன்.” பெருமையாகத்தான் சொன்னாள்.

நாத்தனார் மூலையில் கவிழ்த்து வைத்திருந்த தட்டைப் பார்த்தாள். குரலில் கோபம்கூட இல்லை.

“அப்புறம் ஏன் அண்ணி, தினமும் எனக்கு அதுலயே போட்டீங்க?”

“ரிப்போர்ட் வரட்டும்னு...” என்று ஆரம்பித்தவள் தாளை மேஜைமேல் வைத்தாள்.