மேனிஃபோல்டுக்குள் ஈரக் கரி

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே பேசினால் நான் உஷாராகிவிடுவேன். அன்றைக்கும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: கார் எஞ்சின் போய்விட்டது, நல்லவேளையாக வாங்குவதற்கு ஆள் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறார்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கச்சியின் வீட்டுக்காரர். கார் என்றால் எங்கள் அப்பா விட்டுப்போனது. நான் பிறப்பதற்கு முன்னால் செய்த வண்டி. காகிதத்தில் என் பெயரும் தங்கச்சி பெயரும் சேர்ந்து இருக்கிறது. நிற்பது தங்கச்சி வீட்டுக்குப் பின்னால், சந்து முடியும் இடத்தில் இருக்கிற தகரக் கொட்டகையில். என் வாடகை அறை வாசலில் சைக்கிள் நிறுத்தவே தினம் சண்டை, அதனால் அங்கே விட்டிருந்தேன்.

எனக்கு அந்தக் கார் வேண்டும். பாசமெல்லாம் கிடையாது. கிடங்கில் ராத்திரி வேலை பார்த்து, பகலில் ஜன்னலுக்கு அட்டை ஒட்டித் தூங்கி, எனக்கு அலுத்துவிட்டது. பழைய கார்களைக் கல்யாணத்துக்கும் படம் பிடிக்கவும் வாடகைக்குக் கேட்கிறார்கள். அதை வைத்துக் கிடங்கை விட்டு வெளியே வந்துவிடலாம் என்பது என் திட்டம். கார் போனால் திட்டமும் போச்சு, கிடங்கே கதி. கையெழுத்துப் போடாமல் தடுக்கலாம், ஆனால் எஞ்சினே போன வண்டியைத் தடுத்துவைத்து எனக்கு என்ன லாபம்?

எஞ்சின் போய்விட்டது என்று சொன்னது மாப்பிள்ளை கூட்டிவந்த மெக்கானிக். ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை வருகிறதாம். ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் வெண்ணெய் மாதிரி ஒட்டியிருக்கிறதாம். எஞ்சின் தலைமூடிக்கு அடியில் தண்ணீரையும் ஆயிலையும் பிரிக்கிற தகடு, ஹெட் கேஸ்கெட், கிழிந்து தண்ணீர் ஆயிலில் கலக்கிறது, பிரித்துச் செய்தால் கார் விலையைவிட அதிகம் ஆகும் என்று முடித்துவிட்டார். இந்த மெக்கானிக் மாப்பிள்ளையோடு ஒரே பெஞ்சில் படித்தவர். வாங்க வருகிறவர் மெக்கானிக்கின் சகலை. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

தங்கச்சியிடம் கேட்டேன். "ஓடாத வண்டியை வெச்சு என்ன பண்றது அண்ணே" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். மாப்பிள்ளை நன்றாகவே தயார் செய்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வேலை முடிந்ததும் தூங்கப் போகாமல் கொட்டகைக்குப் போனேன். முதலில் ரேடியேட்டர். தண்ணீர் கழுத்துவரை நின்றது. தண்ணீர் ஆயிலுக்குப் போனால் இங்கே குறைய வேண்டாமா? யாராவது ஊற்றி நிரப்பியிருக்கலாம் என்று மூடிக்கும் கழுத்துக்கும் சேர்த்து கிரீஸால் ஒரு கோடு இழுத்துவைத்தேன். மூடியைத் திருகினால் கோடு உடையும்.

அடுத்து கார்புரேட்டரைக் கழற்றினேன். அதற்குக் கீழே இருப்பதுதான் இன்டேக் மேனிஃபோல்ட். காற்றும் பெட்ரோலும் கலந்து வருவதை நாலு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்புகிற அலுமினியக் குழாய், ஒரு கையில் நாலு விரல் விரித்த மாதிரி இருக்கும். நட்டுகள் துருப்பிடித்து வர மாட்டேன் என்றன. எண்ணெய் விட்டுக் காத்திருந்து, கட்டையால் தட்டித் தட்டி எடுத்தேன். எஞ்சின் பக்கம் திறந்த ஓட்டைகளில் துணியை அடைத்தேன். ஒரு நட்டு உள்ளே விழுந்தால் மெக்கானிக் சொன்னதை நானே உண்மையாக்கிவிடுவேன்.

மேனிஃபோல்டுக்குள் விரலை விட்டேன். முதல் கணுவரை கறுப்பாக வந்தது. பல மாதம் நின்ற வண்டியின் கரி காய்ந்து பொருக்காக இருக்கும், சுரண்டினால் உதிரும். இது ஈரம். பெட்ரோல் வாடை போகாத, கண்மை மாதிரி வழவழவென்ற கரி. எஞ்சினின் ஆவி வந்து சேரும் சின்னக் குழாய் வாயில் மட்டும் அதே வெண்ணெய்.

அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, சூடாவதற்குள் அணைத்தால், உள்ளே வியர்க்கிற தண்ணீர் ஆவியாகாமல் ஆயிலோடு சேர்ந்து இப்படி வெண்ணெயாகும். கேஸ்கெட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்த வெள்ளைப் புகையும் அதே ஈரம்தான். அப்படியானால் நிற்கிறது என்று எல்லோரும் சொல்லும் வண்டியை யாரோ அடிக்கடி எடுக்கிறார்கள். எடுத்து, கொஞ்ச தூரம் உருட்டி, திரும்பவும் விட்டுவிடுகிறார்கள். வண்டியைக் கெடுக்க வேண்டுமென்றே செய்தாலும் இதைவிட நன்றாகச் செய்ய முடியாது.

பகலில் நான் பிணம் மாதிரி தூங்குவேன் என்பது மாப்பிள்ளைக்குத் தெரியும். அவருக்கோ சொந்தக் கடை, நினைத்த நேரத்தில் பூட்டிவிட்டு வரலாம். சாவி அவர் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது.

சுத்தம் செய்ய ஆரம்பித்தேன். பழைய பிளாஸ்டிக் தொட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றி மேனிஃபோல்டை ஊறப்போட்டேன். இரும்பால் சுரண்டினால் அலுமினியத்தில் கீறல் விழும், அதனால் ஒரு மரக்குச்சியைச் சீவிக்கொண்டேன். பால் புட்டி கழுவுகிற பிரஷ் வளைவுகளுக்குள் சரியாக நுழைந்தது. கரி கரைந்து தொட்டி முழுக்கக் கறுத்தது. ஊற்றி, திரும்ப ஊறவைத்து, திரும்பச் சுரண்டினேன். பழைய கேஸ்கெட் அட்டை விளிம்பில் பசைபோல ஒட்டியிருந்ததை நகத்தால் நெம்பி எடுத்தேன்.

தங்கச்சி டீ கொண்டுவந்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை. தொட்டியை எட்டிப் பார்த்து, இவ்வளவு அழுக்கு எப்படிச் சேரும், ஹெட் போனால்தான் இப்படி ஆகுமா என்று கேட்டாள். இன்னும் தெரியவில்லை என்றேன். எதிரிக்கு எதற்கு விவரம்?

"எப்போ திரும்ப ஓடும்?" என்றாள்.

"ஏன், யாருக்காவது அவசரமா?"

"சும்மா கேட்டேன்பா" என்று போய்விட்டாள். மாப்பிள்ளை வேவு பார்க்க அனுப்பியிருக்கிறார் என்று எழுதி ஒட்டாத குறை.

மேனிஃபோல்டுக்குப் புது கேஸ்கெட் அட்டை வாங்கி, எல்லாவற்றையும் மாட்டினேன். நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, மாற்றி மாற்றி முறுக்கினேன். ஸ்டார்ட் செய்து நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டேன். புகை நின்றது. தையல் மிஷின் மாதிரி சீராக ஓடியது. யாரிடமும் சொல்லவில்லை. பின் டயரிலும் அதற்கு நேராகத் தரையிலும் சாக்கட்டியால் ஒரே கோடாக இழுத்துவிட்டு, சாவியை அதே ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.

வாரக் கடைசியில் போய்ப் பார்த்தேன். ரேடியேட்டர் மூடியில் கிரீஸ் கோடு அப்படியே இருந்தது. உள்ளே தண்ணீர் கழுத்துவரை. டயர் கோடு மட்டும் தரைக் கோட்டைவிட்டு ஒரு முழம் தள்ளிப் போயிருந்தது. ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தேன், முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. யாரோ சீட்டை முன்னால் இழுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை என் தோள் உயரம்தான். கார்புரேட்டர் வாய்க்குள் டார்ச் அடித்தேன். நான் பளபளவென்று விட்ட இடத்தில் மறுபடி ஈரக் கரி. டாஷ்போர்டில் சோக் குமிழ் முழுதாக வெளியே இழுத்தபடி கிடந்தது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது கூடுதல் பெட்ரோல் விடுவதற்குத்தான் சோக். அதை இழுத்தபடியே ஓட்டுகிறார் மனுஷன்.

ஞாயிற்றுக்கிழமை சகலை வருவதற்கு முன்னால் மாப்பிள்ளையைக் கொட்டகைக்கு அழைத்தேன். தங்கச்சியும் கையைத் துடைத்துக்கொண்டே பின்னால் வந்தாள். கிரீஸ் கோட்டைக் காட்டினேன். சாக்கட்டிக் கோட்டைக் காட்டினேன். கரியை விரலில் எடுத்து மாப்பிள்ளை மூக்குக்கு நேராக நீட்டினேன்.

"ஹெட்டும் போகல, ஒண்ணும் போகல மாப்ளே. யாரோ தினம் எடுத்து உருட்டுறாங்க. நீங்க கடையைப் பூட்டிட்டு எங்க போறீங்கன்னு நான் கேக்கல. எனக்குக் காதுல பூ சுத்தாதீங்க, அது போதும்."

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "என்ன மச்சான் பேசுறீங்க? எனக்கு டூவீலரே தகராறு. இதுல கிளட்ச் எது பிரேக் எதுன்னு கேட்டா முழிப்பேன்."

"சீட்டு ஏன் முன்னால வந்துச்சு?"

"அதை சீட்டுகிட்ட கேளுங்க."

அவர் பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. அதனால் விடாமல் பேசிக்கொண்டே போனேன். ஓட்டத் தெரிந்தவன் இப்படிச் செய்ய மாட்டான், சந்து முனைவரை போய் ரிவர்ஸில் வருகிற ஆள், சோக்கை இழுத்தால் உள்ளே தள்ள வேண்டும் என்கிற அறிவுகூட இல்லாத ஆள் என்றேன்.

"எப்போ உள்ள தள்ளணும்?" என்றாள் தங்கச்சி.

நாங்கள் இரண்டு பேரும் திரும்பினோம்.

"இழுத்தா ஸ்டார்ட் ஆகும்னு அப்பா பண்ணும்போது பார்த்திருக்கேன். அப்புறம் தள்ளணும்னு எனக்கு எப்படித் தெரியும்? உன்னைக் கேட்டா நீ ஸ்டியரிங்கைத் தொட விடுவியா?"

மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்: "நீயா?"

அவள்தான். அவர் கடைக்குப் போன பிறகு, நான் தூங்கப் போன பிறகு, சந்து முனைவரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்திருக்கிறாள். முதல் கியரும் ரிவர்ஸும் மட்டும். பழகுநர் உரிமம் எடுத்திருக்கிறாள், டெஸ்ட்டுக்குத் தேதியும் வாங்கிவிட்டாள். மெக்கானிக் எஞ்சின் போச்சு என்றதும் தான்தான் கெடுத்துவிட்டோம் என்று பயந்து, விற்கலாம் என்றபோது வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். நான் மாட்டி ஓடவிட்ட சத்தம் கேட்டதும் மறுபடி எடுத்திருக்கிறாள். இதையெல்லாம் அழாமல், அரிசி விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

மாப்பிள்ளையின் போன் அடித்தது. சகலை சந்து முனையில் நிற்கிறாராம்.

"போகச் சொல்லுங்க" என்றாள். "என் கையெழுத்து இல்லாம விக்க முடியாது."

எனக்குள் ஒரு குஷி கிளம்பியது. கார் தப்பியது, கிடங்குக்கு முழுக்குப் போடலாம். அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"நீ ரொம்பச் சந்தோஷப்படாத அண்ணே. வாடகைக்கு விடுற உன் பிளான் எனக்குத் தெரியும். விடலாம். ஆனா ஓட்டுறது நான். நீ கழுவு, துடை, கரி எடு. பங்கு பாதி."

சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே ஏறினாள். சோக்கை இழுத்தாள், எஞ்சின் பிடித்தது. ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். கொஞ்சம் பொறு என்று கை காட்டினேன். எஞ்சின் நிதானத்துக்கு வந்ததும் தலையாட்டினேன், தள்ளினாள். பக்கத்தில் உட்காருகிறேன் என்று கதவைத் திறந்தேன். வேண்டாம், நீ கத்துவே என்றாள்.

"அப்படி எங்கதான் போகப்போற?" என்று மாப்பிள்ளை கேட்டார். அவள் கிளட்சை விட்டாள். வண்டி இரண்டு முறை உதறிவிட்டு நகர்ந்தது. முனையில் நின்ற சகலை சுவரோடு ஒட்டி வழிவிட்டார். அங்கே ரிவர்ஸ் போடுவாள் என்று நினைத்தேன். திரும்பி, பெரிய ரோட்டில் ஏறிவிட்டாள்.

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார்.

"உண்மையைச் சொல்லுங்க மச்சான். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

இல்லை என்றேன். நம்பவில்லை. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.