ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவில்

என் மனைவி ஒரு சிறிய வீடியோ நிறுவனத்தில் படத்தொகுப்பாளராக இருந்தாள். படத்தின் கடைசியில் ஓடும் பெயர்களில் "தொகுப்பு" என்ற வரியை அவள் பெரிதாக எண்ணியதில்லை. அதற்குக் கீழே பொடி எழுத்தில் வரும் "இசைத் தேர்வு" என்பதுதான் அவளுக்கு உயிர். பதினோரு வருடம் வீணை கற்றவள்; மேடை ஏறியதில்லை. சிதார், சாரங்கி, குழல், வீணை என்று ஆயிரக்கணக்கான துண்டுகள் கிடைக்கும் இணையத் தொகுப்புகளில் புகுந்து, நாலு நிமிடப் படத்துக்கு ஒன்றைப் பொறுக்கி எடுக்க இரண்டு நாள் செலவழிப்பாள்.

அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. எழுத உட்கார்ந்தால் குளிர்பதனக் கிடங்குப் படம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

கிடங்குக்கு இருபத்தைந்தாவது ஆண்டு. தொழிலாளர் கூட்டத்தில், அவர்களுடைய சாப்பாட்டுக் கூடத்திலேயே திரையிட ஒரு படம் கேட்டார்கள். முதலில் சிதார் வைத்தாள். அந்தக் கூடத்தில் போட்டுப் பார்த்துவிட்டுக் கிடங்கு மேலாளர், "ஏதோ உறுத்துது மேடம்" என்று திருப்பி அனுப்பினார். அடுத்து புல்லாங்குழல். "வாசிச்சவருக்கு அன்னைக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

மூன்றாவது முறையும் திரும்பி வந்தால் இசைத் தேர்வை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாக அவளுடைய முதலாளி சொல்லிவிட்டார். "நீங்க படத்தை மட்டும் வெட்டுங்கம்மா. காதுக்கும் வயசாகும்ல?"

அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"ரெண்டும் நல்ல பீஸுங்க. ஆபீஸ்ல கேட்டா நல்லா இருக்கு, அங்க போட்டா உறுத்துதுங்கறாங்க. அப்ப அங்க போய்த்தான் கேக்கணும்."

"காது இங்கதானே இருக்கு?" என்றேன்.

"கிண்டலை விடுங்க. நாளைக்கு உங்களுக்கு லீவுதானே? ஸ்பீக்கரைத் தூக்கிட்டு வாங்க."

"நான் அச்சாபீஸ்ல பிழை திருத்தறவன்மா. மூட்டை தூக்கறவன் இல்ல."

"நானும் பிழை திருத்தத்தான் போறேன். கிளம்புங்க."

சாப்பாட்டுக் கூடம் மாடியில் இருந்தது. நீள மேசைகளை அப்போதுதான் ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள். மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் குழல் இசையோடு படத்தைப் போட்டாள். அரை நிமிடத்தில் நிறுத்தினாள். கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டாள். மேலாளர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"சார், இந்தச் சத்தம் எப்பவும் இருக்குமா?"

"எந்தச் சத்தம்?" என்றார் மேலாளர்.

எனக்கும் அப்போதுதான் கேட்டது. கீழே குளிரூட்டும் இயந்திரங்கள். தரை வழியாக ஏறி, நாற்காலிக் கால் வழியாக எலும்பில் வந்து சேர்கிற ஒரே சீரான ம்ம்ம். இருபத்தைந்து வருடமாக அதற்கு மேலே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு அது காதில் விழுவதே நின்றுபோயிருந்தது. ஆனால் அதோடு சேராத சுருதியில் ஒரு குழல் வந்தால் மட்டும் உறுத்தியது.

"நிறுத்தி வைக்கலாமா அன்னைக்கு?" என்றேன்.

மேலாளர் சிரித்தார். "நிறுத்தினா உள்ள இருக்கற மீனெல்லாம் எந்திரிச்சுப் போயிடும் சார்."

அவள் சிரிக்கவில்லை. மெல்ல வாய்க்குள் முனகி அந்த ஒலியைப் பிடித்தாள். கைப்பேசியில் இருந்த சுருதிப்பெட்டியோடு ஒத்துப் பார்த்தாள். "சுருதி அஞ்சு கட்டையும் இல்ல, அஞ்சரையும் இல்ல. நடுவுல நிக்குது, கழுதை" என்றாள். அவள் அப்படிக் கொஞ்சலாகத் திட்டினால் விஷயம் கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

அதன் பிறகு அவள் தேடியது, பின்னால் தம்புரா ஒலிக்காத வீணைப் பதிவை. நூற்றுக்கணக்கில் தள்ளினாள். ஐந்து கட்டையில் வாசித்த ஒன்று கிடைத்தது. கூட ஒரு கடம் மட்டும். கணினியில் அதன் சுருதியை ஒரு மயிரிழை உயர்த்தினாள். வேறொன்றும் செய்யவில்லை. முதலாளி அலுவலகத்தில் கேட்டுவிட்டு, "அடியில ஒண்ணுமே இல்லாம மொட்டையா இருக்கேம்மா" என்றார்.

"அங்க வந்து கேளுங்க சார்" என்றாள். தவறினால் அந்தப் பொடி எழுத்து வரி போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

கூட்டத்தன்று இருநூறு பேர். படம் தொடங்கியது. முதல் மீட்டல் விழுந்ததும் அந்தக் கூடமே மெல்ல நிமிர்ந்த மாதிரி இருந்தது. திரையில் அவர்கள் பெட்டி தூக்கினார்கள், கதவு இழுத்தார்கள், கையுறைக்குள் ஊதிக்கொண்டார்கள். கீழிருந்து இயந்திரம் சுருதி பிடித்தது. வீணை அதன்மேல் நடந்தது. பேச்சு ஓய்ந்தது. மேலாளர் கட்டியிருந்த கையைத் தளர்த்தினார். முதலாளி திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் எண்ணெய்க் கறைச் சட்டையோடு ஒருவர் நேரே அவளிடம் வந்தார். கீழே இயந்திரம் ஓட்டுகிறவர்.

"மேடம், எங்க மெஷினை எப்ப வந்து ரெக்கார்டு பண்ணீங்க? சொல்லவே இல்லையே!"

"பண்ணலைங்க. அது நேர்லயே பாடிச்சு."

அவர் திரும்பி, "டேய், வாங்கடா இங்க! நம்ம மெஷினு பாட்டுக்குச் சுருதி போட்டிருக்குடா!" என்று கூவினார். பத்துப் பதினைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். அவள் போட்டாள். இந்த முறை பலர் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையை மேசைமேல் வைத்துக் கேட்டார்கள். கடைசியில் "இசைத் தேர்வு" என்று அவள் பெயர் ஓடியபோது யாரோ விசிலடித்தார்கள்.

எனக்குப் பக்கத்தில் நின்றவர் படத்திலேயே கண்ணாக இருந்தார். அவர் என்னை ஒன்றுமே கேட்கவில்லை. நானாகத்தான் அவர் தோளைத் தொட்டுத் திருப்பிச் சொன்னேன்:

"அது என் வீட்டுக்காரிங்க."