ஓடைக்குப் போன தோழன்

என்ரை கலியாணத்தண்டு விடியவே எனக்கு விசர் ஏறிப்போச்சு. மண்டப வாசலில மாப்பிள்ளையின்ரை காலைக் கழுவிக் கூட்டிவாறது பொம்பிளையின்ரை தம்பி. அவனுக்குப் பேர் தோழன். எனக்கு இருக்கிறது ஒரேயொரு தம்பி, குகதாசன். அந்த மகாராசா ஜப்பானில ஏதோவொரு மலைக்காட்டுக்குள்ள ஓடை பாத்துக்கொண்டு திரியிறார்.

தொண்ணூற்றிரண்டில அங்க ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில இங்கிலீஷ் படிப்பிக்கவெண்டு போனவன். அக்கா எப்பிடி இருக்கிறாய் எண்டு ஒரு வரி எழுதினதில்லை. எழுதினதெல்லாம் ஓடையைப் பற்றித்தான். தண்ணிக்கு அடியில கிடக்கிற கல்லெல்லாம் தெரியுமாம். பாசி பிடிச்ச மரத்துக்குக் கீழ அரைநாள் இருந்தாலும் ஒரு சனமும் வராதாம். கல்லுப் பாக்கிறதுக்கு ஜப்பானுக்கே போகோணும்?

கலியாணத்துக்குக் கட்டாயம் வாறன் எண்டவன். வெள்ளிக்கிழமை ஹீத்ரோ எயார்போட்டில போய்க் காவல் நிண்டன், ஆளில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போன் எடுத்தால், அவர் மலைக்குப் போயிட்டார், அங்க போன் இல்லை எண்டு ஒரு மனுசி வலு மரியாதையாய்ச் சொன்னா. அந்த மரியாதையைக் கேக்க எனக்கு இன்னும் பத்திக்கொண்டு வந்தது.

இப்ப லண்டன் வெம்பிளி மண்டபத்தில, நான் சேலை உடுத்து வெளிக்கிட்டுக்கொண்டிருந்த அறை வாசலில தில்லையம்பலம் சித்தப்பா வந்து நிண்டார். ஊரில எங்கடை வீட்டு முத்தத்தில, துவக்கோட வந்தவங்கள் அப்பாவைச் சுட்ட பிறகு எங்களை எட்டியும் பாக்காத மனுசன்.

"மாப்பிள்ளை வந்து இறங்கப் போறார் பிள்ளை. தோழனுக்கு என்ரை மகனை விடுறன்."

"ஏலாது. குகன் வருமட்டும் மாப்பிள்ளை வாசலிலேயே நிக்கட்டும்."

அம்மா அவரை அனுப்பிப்போட்டுக் கதவைச் சாத்தினா. "அவன் வரமாட்டான் கிரிஜா. நான்தான் வரவேண்டாம் எண்டு சொன்னனான்."

என்னை ஹீத்ரோவுக்கும் போகவிட்டுப்போட்டு, ஒரு சொல்லுச் சொல்லாமல் இருந்திருக்கிறா.

"கண் முன்னால அப்பாவைச் சுட்டதிலயிருந்து அவன் சனத்துக்கை நிக்கமாட்டான், உனக்குத் தெரியும்தானே. போன மாசம் போன் எடுத்தவன். பாசியில வழுக்கி ஓடைக்குள்ள விழுந்த கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். எத்தினை வருசத்துக்குப் பிறகு அவன் சிரிச்சுக் கேட்டனான். இஞ்ச வந்து இவ்வளவு சனத்துக்கு முன்னால நிண்டால் அதுவும் போயிடும் எண்டு பயந்திட்டன்."

சிரிச்சாராம். கோபம் இறங்கும் எண்டு பாத்தன், ஏறித்தான் போச்சு. அப்பாவைச் சுடேக்கை நானும் அந்த முத்தத்திலதான் நிண்டனான். இஞ்ச வந்து பக்டரியில ஷிப்டுக்கு மேல ஷிப்ட் செய்ததும், கவுன்சில் குடுக்கிற வீட்டுக்கு அலைஞ்சதும், அவனைப் படிப்பிச்சதும் நான். எனக்குச் சனத்துக்கை நிக்க ஏலுமோ எண்டு ஒருதரும் கேக்கேல்லை.

"நான் கடைசியாய் எப்ப சிரிச்சனான், அம்மா?"

அம்மா வாயைத் திறந்தா. பிறகு யோசிச்சா. வெளியில மேளம் தொடங்கிட்டுது. சித்தப்பாவின்ரை மகன் காலைக் கழுவச் செம்போட போயிருப்பான். அம்மா இன்னும் யோசிச்சுக்கொண்டு நிண்டா.