டக்டில் அடைத்த துணி

விடிந்தும் விடியாத வேளையில் பத்துப் பெண்கள் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீராம்புரத்தில் ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாம் மாடி, தையல் யூனிட். மிஷின் ஓட்டுகிற கைகளில் இன்று சோப்புத் தண்ணீரும் தேங்காய் நாரும். தேய்க்கத் தேய்க்கக் கரி முழங்கை வரை வழிந்தது, சுவர்தான் வெளுத்தபாடில்லை. வேதநாயகி இருமித் துப்பினாள். சளியும் கறுப்பாகவே வந்தது. இந்த வேலைக்குக் கூலி கிடையாது என்பதைத் தனியாகச் சொல்லவும் வேண்டுமா?

கட்டிடத்தின் நடுவில், காற்றும் வெளிச்சமும் இறங்கட்டும் என்று அடியிலிருந்து மொட்டைமாடி வரை விட்டிருந்த இடைவெளியை டக்ட் என்பார்கள். வேதநாயகி வேலைக்கு வந்த நாளாக அதில் இறங்கியதெல்லாம் வெட்டுத்துணிதான். சாயங்காலம் மிஷினடியைக் கூட்டி ஜன்னல் வழியாக உள்ளே தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. வேஸ்ட் வியாபாரி வாராவாரம் கீழ்க்கதவைத் திறந்து அள்ளிப்போவான். சில மாதமாக, விலை ஏறட்டும் என்று முதலாளி ஞானசேகரன் அவனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். துணி இரண்டாம் மாடி வரை ஏறிவிட்டது. போதாததற்கு மொட்டைமாடியில் டக்டின் வாயைத் தகரத்தால் மூடி, அதன்மேல் நூல்பெட்டிகளை அடுக்கிவைத்திருந்தார். ஒரு சாண் இடத்தை வீணாக்குவாரா அந்தப் புண்ணியவான்!

சனிக்கிழமை, டக்டுக்குள் ஓடிய பழைய ஒயரில் பொறி தட்டியது. மேலே போக வழியில்லாத புகை ஜன்னல்கள் வழியாக மாடிக்குள் புகுந்தது. எல்லோரும் படியிறங்கி ஓடினார்கள். பாத்ரூமில் இருந்த ஜூலியா மட்டும் மாட்டிக்கொண்டாள். அங்கே இருந்த ஒரே ஜன்னலும் டக்டுக்குத்தான் திறந்திருந்தது. தீயணைப்புக்காரர்கள் தூக்கிவந்தபோது அவளுக்கு நினைவில்லை. இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு கிடக்கிறாள்.

சுவரில் பாதி கழுவி முடிப்பதற்குள் ஞானசேகரன் வந்துவிட்டார், மூக்கில் கைக்குட்டையோடு. என்றைக்கும் இல்லாத திருநாளாக அம்மா போட்டுக் கூப்பிட்டார்.

"வேதநாயகியம்மா, நீங்கதான் சீனியர். அன்னைக்குக் கடைசியா துணி தள்ளினது ஜூலியாதானே?"

"எதுக்கு சார் கேக்கறீங்க?"

"விசாரிக்க ஆளு வருவாங்க. ஒருத்தி அஜாக்கிரதையா போட்டுட்டா, வேலைய விட்டு நிறுத்திட்டோம்னு முடிச்சிடலாம். எப்படியும் அவளால இனிமே மிஷின் மிதிக்க முடியாது. நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, உங்களை சூப்பர்வைசரா போட்டுடறேன். இன்னைக்கே மிஷின் ஓட்டிடலாம்."

கடைசியாகத் தள்ளியது ஜூலியாதான், பொய்யில்லை. சூப்பர்வைசர் என்றால் நாளெல்லாம் குனிந்து தைக்க வேண்டாம்; இடுப்புக்கு விடுதலை. 'ஆமாம்' வேதநாயகியின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வந்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"மேல தகரத்தை எடுத்தாச்சா சார்?"

"இது இன்னா கேள்வி? அதுமேல சரக்கு இருக்கு."

"உள்ள மிச்சம் இருக்கற துணி?"

"தண்ணி அடிச்சு நனைஞ்சு கிடக்குது, எங்க எரியப்போவுது? காயட்டும், வித்துக்கலாம்."

"காஞ்சா மறுபடி எரியும் சார்," என்றாள் ரக்ஷிதா. மண்டியாவிலிருந்து வந்து இவர்களிடமே தமிழ் பழகிய கன்னடப் பெண். "அப்ப யார் பேரை சொல்லணும்? என் பேரையா?"

"சும்னே இருடி!"

வேதநாயகி கையிலிருந்த நாரை வாளிக்குள் எறிந்தாள். "அவ வாயை எதுக்கு சார் அடைக்கறீங்க? நாங்க எல்லாரும்தான் போட்டோம். தினமும் போட்டோம். காத்து வர்ற வழின்னு தெரிஞ்சே போட்டோம், தப்புதான். அள்ளவிடாம வெச்சது நீங்க. மேல மூடினது நீங்க. ஜூலியா பேரை நான் சொல்லமாட்டேன்."

"அப்ப வேலை வேணாமா?"

"வேணும். தகரத்தை எடுங்க, துணியை அள்ளுங்க, ஜூலியா ஆஸ்பத்திரி செலவைப் பாருங்க. அதுவரைக்கும் மிஷின்ல உக்காரமாட்டோம்."

"சொல்றதுக்கு நீ யாரு?" என்றார். அம்மா மரியாதை அதற்குள் பறந்துவிட்டது.

வேதநாயகி திரும்பிப் படியிறங்கினாள். டக்டின் கீழ்க்கதவைத் திறந்தாள். நாற்றம் குடலைப் புரட்டியது. கருகி ஊறிய துணியை இரண்டு கையாலும் அள்ளி, வாசலோரம் இருந்த முதலாளியின் ஆபீஸ் கதவுக்கு நேரே போட்டாள். அடுத்த அள்ளு ரக்ஷிதாவுடையது. பிறகு ஒவ்வொருத்தியாக எல்லோரும் இறங்கிவந்தார்கள். குவியல் முழங்கால் உயரம் வந்துவிட்டது.

"போலீசைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க சார். அவங்களும் வந்து மோந்து பாக்கட்டும்."

வேலைக்கு வந்த தரைத்தளத்து அட்டைப்பெட்டிக் கம்பெனிக்காரர்கள் வாசலிலேயே நின்றார்கள். அவர்களுக்கு முதலாளி வேறு. அவர்களுடைய மேஸ்திரி, "ஊர் வம்பு நமக்கெதுக்கு, உள்ள வாங்கய்யா," என்று அதட்டினார். அவர்களில் ஒருவரான அய்யாவு பசை காய்ந்த விரல்களோடு முன்னால் வந்தார்.

"நம்ம ஜன்னலும் இதே டக்ட்லதான் இருக்குது மேஸ்திரி," என்றவர் வேதநாயகி பக்கம் திரும்பினார். "சாக்கு இருக்குதாம்மா?"

மேலே தகரம் அப்படியே இருந்தது. ஜூலியா இன்னும் கண் திறக்கவில்லை. சாயங்காலம் யாருக்கு வேலை இருக்கும், யாருக்கு இருக்காது என்று ஒருவருக்கும் தெரியாது. வேதநாயகி ஒரு சாக்கை நிரப்பி அதன் ஒரு முனையை அவரிடம் நீட்டினாள். இருவருமாகத் தூக்கினார்கள். அய்யாவுக்குப் பின்னால் பெட்டிக் கம்பெனி ஆட்கள் டக்டின் கதவுக்கு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள்.