ஏற்றத்தடியில் ஒரு ஜோடி மாடு

ஞானமேரி தன் அண்ணனுக்குக் கார்டு எழுதியிருந்தாள். கோயில் திருவிழாவுக்கு ஞாயிற்றுக்கிழமை காரில் வருகிறோம். வேறொன்றும் எழுதவில்லை.

புதன்கிழமை பதில் வந்தது. சவரி எழுதியிருந்தான்: "கோயில் மேட்டு ஏற்றத்தடியில் காரை இழுக்க மாடும் கயிறுமாக நிற்கிறேன். மாப்பிள்ளையைக் கவலைப்பட வேண்டாமென்று சொல்."

அவள் அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கணவனிடம் கொடுத்தாள். அருள்நாதன் படித்துச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"மாட்டைக் கட்டி இழுத்துக்கினு போனா நான் கோயிலுக்குள்ள வரமாட்டேன். அப்படியே திரும்பி பஸ் ஏறிடுவேன்."

அருள்நாதன் காரிமங்கலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கிணற்று ஆயில் எஞ்சின்களைப் பழுது பார்ப்பவன். கிருஷ்ணகிரி டாக்டர் ஒருவர் புதுக் கார் வாங்கியபோது பழையதை அவனுக்குக் கொடுத்துவிட்டார். அவருடைய தோட்டத்து எஞ்சினை ஒன்பது வருடம் பார்த்துக்கொண்டவன் அவன்தான். கார் வந்து இரண்டு மாதமாயிற்று. இரண்டு மைல் ஓடினால் கொதித்தது. நின்ற இடத்தில் ஃபேனுக்குக் கீழே மண் நனைந்தது.

வெள்ளிக்கிழமை சேலம் போய்ப் புது வாட்டர் பம்ப் வாங்கிவந்தான். சனிக்கிழமை காலை வேலையைத் தொடங்கினான்.

தண்ணீரை வடித்தான். பெல்ட்டையும் ஃபேனையும் கழற்றினான். பம்ப் நான்கு போல்ட்டில் நின்றது. மூன்று வந்தன. நான்காவது அவன் கை நுழையாத சந்தில் இருந்தது.

"இந்தாம்மே, கொஞ்சம் வா."

ஞானமேரி வளையல்களைக் கழற்றி வாசற்படியில் வைத்தாள். ஸ்பேனரோடு கையை உள்ளே விட்டாள். விரல் முட்டியில் தோல் உரிந்தது. போல்ட் வந்தது.

பழைய பம்பின் தண்டை அருள்நாதன் அசைத்துக் காட்டினான். விழப்போகும் பல்லைப் போல ஆடியது.

"இதாலதான் எல்லாம்" என்றான்.

அவளுடைய செருப்பு வந்த பெட்டியிலிருந்து அட்டை வெட்டி, கிரீஸ் தடவி, கசியாமலிருக்க எஞ்சினுக்கும் பம்புக்கும் நடுவில் வைத்துப் புதுப் பம்பைப் பொருத்தினான். தண்ணீர் ஊற்றினான். பம்பில் ஒரு சொட்டுக்கூட இல்லை. ஆனால் ரேடியேட்டரின் அடித்தட்டில், பற்றவைத்த விளிம்பில் தண்ணீர் கசிந்தது. பத்து எண்ணுவதற்குள் ஒரு சொட்டு.

கிணற்றுப் பம்பில் இப்படி ஒழுகினால் அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். சாணியைக் கரைத்துக் குழாயில் ஊற்றுவார்கள். அது போய் ஒழுகும் இடத்தை அடைத்துக்கொள்ளும். அருள்நாதன் நூறு கிணறுகளில் செய்திருக்கிறான். அரை வாளி கரைத்து ரேடியேட்டரில் ஊற்றினான்.

கசிவு நின்றது.

"ஏங்க, காருக்குமா சாணி?"

"பம்புன்னா எல்லாம் பம்புதான்."

சந்தை வரை ஓட்டிப் பார்க்கப் போனான். அவளும் ஏறிக்கொண்டாள். சந்தைக்கு முன்னாலேயே ரேடியேட்டர் மூடி விசிலடித்தது. பச்சை நிறத்தில் நுரை வந்தது. ஆவி முகத்தில் அடித்தபோது மாட்டுக் கொட்டகைக்குள் நிற்பதுபோல இருந்தது.

சைக்கிளில் வந்த தர்மன் இறங்கி மூக்கைப் பிடித்துக்கொண்டான். அடுத்த நிலத்துக்காரன். அவன் கிணற்று எஞ்சினும் அருள்நாதனின் கையில்தான் ஓடியது.

"இன்னா அருளு, கார் சாணி போடுதா?"

"சும்மா போய்யா."

"கோமியம் எப்ப வரும்? ஒரு சொம்பு எடுத்துக்கினு வரேன்."

ஞானமேரி ஓரமாகப் போய் நின்றாள். அருள்நாதன் ரேடியேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். கிணற்றுக் குழாய் கை அகலம். இதற்குள் இருப்பவை ஈர்க்குச்சி அகலமுள்ள குழாய்கள். ஓட்டையை மட்டும் அடைக்கும்படி சாணிக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அது எல்லாவற்றையும் அடைத்திருந்தது.

"தப்புதான்" என்றான்.

"தப்புன்னா? நாளைக்கு?"

அவன் காரின் பின்னால் போய்க் கை வைத்தான்.

தர்மனும் அவனும் காரை வீட்டுக்குத் தள்ளிவந்தார்கள். ரேடியேட்டரைக் கழற்றினார்கள். அருள்நாதன் மேல்வாயில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினான். தண்ணீர் மேலேயே தளும்பி நின்றது.

ஞானமேரி சற்று நேரம் பார்த்தாள்.

"வாய் குறுகின ஜாடிய எப்படிங்க கழுவுவாங்க? கவுத்துப் போட்டுதானே. மேல இருந்து ஊத்தி ஊத்தி இன்னும் உள்ள தள்றீங்க."

தர்மன் அருள்நாதனைப் பார்த்தான். "எங்க கிணத்துக்கு எடுத்துக்கினு வா. எஞ்சின் போடறேன்."

ரேடியேட்டரைத் தலைகீழாகக் கல்லில் சாய்த்து, கீழ்வாயில் ரப்பர் குழாயை மாட்டி, பம்புத் தண்ணீரைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டார்கள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மேல்வாயிலிருந்து பச்சையாகக் கட்டி கட்டியாக விழுந்தது. பிறகு வைக்கோல் துணுக்கு. அப்புறம் வெறும் தண்ணீர். தர்மன் அது வாய்க்காலில் ஓடுவதைப் பார்த்தான்.

"என் ராகிக்கு நல்ல உரம்."

வீட்டுக்கு வந்து அருள்நாதன் கார் எஞ்சினுக்குள்ளும் தண்ணீர் விட்டு, வடித்து, மறுபடி விட்டான். ஞானமேரி அடுப்பை ஊதிக் கொடுக்க, சூட்டுக்கோலைப் பழுக்கவைத்து அடித்தட்டின் விளிம்பில் ஈயம் வைத்துப் பற்றவைத்தான். இதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். அவனுக்கும் தெரிந்திருந்தது.

எல்லாவற்றையும் பூட்டித் தண்ணீர் நிரப்பியபோது விளக்கு வைக்கும் நேரம். காருக்கு அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்தான்.

விடிந்ததும் ஞானமேரிதான் முதலில் போய் எடுத்தாள். தாள் காய்ந்திருந்தது. அதை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

திருவிழாவுக்குக் கிளம்பி, வழியில் தர்மபுரியில் நிறுத்திப் பார்த்தான். கொதிக்கவில்லை. பென்னாகரத்தில் பார்த்தான். கொதிக்கவில்லை. சூடு ஏற ஏறச் சாணி வாசம் மட்டும் வந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டார்கள்.

ஏரியூருக்கு முன்னால் பிரியும் மண்பாதையில் திரும்பினால் ஏற்றம். மேலே கோயில். ஏற்றத்தடியில் சவரி நின்றிருந்தான். வெள்ளை வேட்டி, தோளில் வடக்கயிறு, நுகம் பூட்டிய ஒரு ஜோடி மாடு. கூட நான்கு பேர், வேடிக்கைக்கு.

அருள்நாதனின் கால் பிரேக்குக்குப் போனது.

"நிறுத்தாதீங்க" என்றாள்.

கியரை மாற்றினான். சவரி கயிற்றைத் தூக்கிக் காட்டினான். ஞானமேரி வெளியே கை நீட்டி ஆட்டினாள். கார் அவனைத் தாண்டியது. பாதி ஏற்றத்தில் எஞ்சின் முனகியது. அவள் பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மூடி விசிலடிக்கவில்லை. மேலே வந்து கோயில் முன்னால் நின்றார்கள். பூசைக்கு இரண்டாம் மணி அடித்துக்கொண்டிருந்தது.

சவரி மாட்டை ஓட்டிக்கொண்டு நடந்தே ஏறி வந்தான். வேர்த்திருந்தது. இடதுபுறத்து மாடு காரின் முகப்பில் மூக்கை வைத்து மோந்தது. நகர மறுத்தது.

"ஏன் மாப்ள, இவன் ஏன் உன் வண்டிய மோந்துக்கினே நிக்கறான்?"

அருள்நாதன் வாயைத் திறந்தான். ஞானமேரி முந்திக்கொண்டாள்.

"பாவம்ண்ணா, காலையில இருந்து வெயில்ல நிக்க வெச்சிருக்கே. தண்ணி காட்டு, போ."

அவள் முக்காடு போட்டுக்கொண்டு கோயிலுக்குள் போனாள். அருள்நாதன் குனிந்து காரின் அடியைப் பார்த்தான். மண் காய்ந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பின்னால் போனான்.