சேக் தாவூது மாமாவுக்குக் காது கேட்கும்

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் உம்மு சல்மா மகளின் முக்காட்டைச் சரிசெய்தார். கூடவே அவள் வாய்க்கும் ஒரு பூட்டுப் போட்டார்.

"தூக்கத்துல எந்திரிச்சுக் கத்துறது, மனசு சரியில்லன்னு கவுன்சலிங் போறது, ஒண்ணையும் ஒளறி வைக்காதே."

"அவர்கிட்ட மட்டும் சொல்லிடுறேன், உம்மா. தெரிஞ்சுக்கிட்டுச் சரின்னு சொல்லட்டும்."

"நிக்காஹ் முடியட்டும். அப்புறம் அவரே கண்டுபிடிச்சுக்குவார்."

ஃபஸீலா கொரோனா வார்டில் நர்ஸாக இருந்தவள். சாகக் கிடப்பவர்களை உள்ளே வந்து பார்க்கச் சொந்தங்களுக்கு அனுமதியில்லை. அதனால் வீடியோ காலில் முகம் காட்ட, இவள்தான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மருத்துவமனை நன்றி சொல்லி ஒரு டீ-ஷர்ட் கொடுத்தது. அவளுக்கு அது ஒரு சைஸ் பெரிது. தூக்கம் ஸ்டாக்கில் இல்லை.

சிங்கப்பூர் புக்கிட் பாஞ்சாங் வீட்டு ஹால் நிரம்பியது. வந்தவர்கள் தேக்காவில் துணிக்கடை வைத்திருப்பவர்கள். சம்மதம் சொல்ல வேண்டிய மாப்பிள்ளையின் மாமா சேக் தாவூது மட்டும் நாகூரில் இருந்தார். வீடியோ கால் போட்டார்கள். போன் கைமாறிக் கைமாறி ஃபேனைக் காட்டியது, யாருடைய மூக்கையோ காட்டியது.

"பொண்ணுகிட்டயே குடுங்க லா," என்றான் மாப்பிள்ளை அதீஃப்.

ஃபஸீலா வாங்கிப் பிடித்தாள். மாமா ஏதோ கேட்க வாயைத் திறந்தார். நெட் நின்று படம் அப்படியே உறைந்தது. திறந்த வாய், மேலே செருகிய கண்.

"எல்லாரும் பக்கத்துல வாங்க," என்றாள் ஃபஸீலா. குரல் பஞ்சுபோல் இருந்தது. "அவரால பேச முடியாது. ஆனா காது கேக்கும். மன்னிப்புக் கேக்கணும்னா இப்பவே கேட்டுடுங்க."

மாப்பிள்ளையின் தாயார் நூருன்னிசா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் மாமா அசைந்தார்: "ஹலோ, அங்க பிரியாணியா?"

ஹால் வெடித்துச் சிரித்தது. "ஆஸ்பத்திரியில இப்படித்தான் தமாஷ் பண்ணிக்குவாங்க!" என்று உம்மு சல்மா எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். மாமாவுக்கும் பெண்ணைப் பிடித்துப்போயிற்று.

சமையலறை வாசலில் அதீஃப் வந்து நின்றான். "செம டைமிங்!"

"ஜோக் இல்லீங்க. வார்டுல நான் சொன்னதே அதுதான். இன்னும் போன் அடிச்சா எனக்கு மூச்சு முட்டுது. பி.டி.எஸ்.டி.ங்கிற அதிர்ச்சி நோய்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

அதீஃப் மனசாரக் கேட்டான். பிறகு சொன்னான்: "ஐயோ, எனக்கும் தீபாவளி சேல்ஸ் வந்தா ஸ்ட்ரெஸ்தான். போனை சைலன்ட்ல போட்டுடுங்க, சரியாப் போயிடும்."

மருத்துவமனையே யோசிக்காத வைத்தியம்.

ஹாலிலிருந்து கூப்பிட்டார்கள். சம்பந்தம் முடிந்ததற்கு அடையாளமாக நூருன்னிசா ஒரு கரண்டி சீனியை நீட்டினார். ஃபஸீலா பல்லைக் கடித்துக்கொண்டாள். கரண்டி உதட்டைத் தட்டியது. அவள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். "வேணாம்," என்றாள், மூடிய வாய்க்குள்ளேயே.

"பாருங்களேன், வெக்கத்த!" என்றது ஹால்.

நூருன்னிசா சிரித்தபடி கரண்டியை உம்மு சல்மா பக்கம் திருப்பினார். அந்த வாய் தாராளமாகத் திறந்தது.