மேட்டில் நின்ற லாரி

மார்ச் பதினெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை, நகரத்துக்கு வெளியே குவாரிக்குப் போகும் சாலையில், மேட்டின் பாதியில், சிமெண்ட் ஏற்றிய பத்துச் சக்கர லாரி ஒன்று நின்றுபோய்ப் பின்னால் உருண்டு, சுவரோரம் நிறுத்தியிருந்த ஸ்கூட்டர் ஒன்றை நசுக்கியது. யாருக்கும் காயம் இல்லை.

யாருக்கும் காயம் இல்லை, யாருக்கும் காயம் இல்லை... பட்டறையில், அந்த லாரியின் என்ஜின் கியர்பெட்டியோடு சேரும் இடத்தில், முழங்கை நுழையாத சந்துக்குள் கையை விட்டு, விரல் நுனியால் போல்ட்டின் தலையைத் தேடிக்கொண்டே அவள் இதைத்தான் மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தாள், மறுநாள் ஆகியும் அந்த வாக்கியம் அவளை விடவில்லை, ஸ்கூட்டர்க்காரி அப்போதுதான் இறங்கிக் கடைப் படியில் கால் வைத்திருந்தாளாம், லாரியை ஓட்டிய தம்பி போனில் அதையேதான் சொன்னான், சுவர் இடிந்ததைச் சொல்லவில்லை, மூட்டை சரிந்ததைச் சொல்லவில்லை, ஹெல்மெட்டக்கூட கழட்டாம நின்னு என்னையே பாத்துச்சுக்கா என்று... சரி, பார்க்கட்டும், பார்க்க ஆள் மிஞ்சியதே பெரிய விஷயம், இப்போது இந்த போல்ட் எங்கே, இதோ, துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவசரப்பட்டால் தலை முறியும், தலை முறிந்தால் கியர்பெட்டியை இறக்க வேண்டும், அது இன்றைக்கு ஆகிற வேலை இல்லை, லாரி ஓனர் மதியத்துக்குள் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வந்தால் ஒரே கேள்விதான் கேட்பார். வண்டி நின்றதா, ஆள் தூங்கினானா? வண்டி என்றால் தம்பி நாளைக்கும் இதே ஸ்டீயரிங்கைப் பிடிப்பான். ஆள் என்றால் சாவியை வாங்கிக்கொள்வார், சாவியோடு போகுமா, லாரிக்காரர்கள் ஒருவருக்கொருவர் போன் போட மாட்டார்களா என்ன, தூங்கின டிரைவர் என்று பெயர் விழுந்தபின் எவன் வண்டி கொடுப்பான்?

காலையில் செய்த காரியம் வேறு. ஸ்கேனரைச் செருகினாள், சாவியைத் திருப்பினாள், வண்டியின் கம்ப்யூட்டர் சேர்த்து வைத்திருந்த கோளாறுகள் திரையில் வரிசையாக வந்தன, வந்ததும் விரல் தானாகப் போய் அழித்துவிட்டது, படிக்கவே இல்லை... யாரைக் குறை சொல்வது, இந்தப் பட்டறையில் எல்லோர் கையும் அப்படித்தான் பழகியிருக்கிறது, ஒவ்வொரு வண்டியும் பல வருஷத்துப் பழைய புகார்களைச் சுமந்துகொண்டுதான் வருகிறது, எரியாத விளக்கு, எப்போதோ அறுந்த ஒயர், பேட்டரி மாற்றியபோது வந்த குழப்பம், எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தால் பொழுது சாய்ந்துவிடும், அதனால் முதலில் துடை, பிறகு ஓட்டு, எது திரும்பி வருகிறதோ அதுதான் உண்மையான கோளாறு. நூறு வண்டிக்கு அது சரியான வழி. இந்த ஒரு வண்டிக்கு, மேட்டில் அந்த நொடியில் என்ன நடந்தது என்று தெரிந்திருந்த ஒரே சாட்சியை, கூடப்பிறந்தவளே, ஒரே அழுத்தில்... துடைத்த பிறகு முற்றத்தில் நெடுநேரம் என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தாள், நிற்கவில்லை, ஒரு இருமல்கூட இல்லை, நல்ல பிள்ளை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது, அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது. டீசல் ஃபில்டர் சுத்தம், குழாயில் காற்று இல்லை, ஒயரை இடம் இடமாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது இது ஒன்றுதான், விரல் நீளமே உள்ள கிராங்க் சென்சார், என்ஜின் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருப்பது, இது வாயை மூடினால் என்ஜின் நின்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் டீசலை அடைத்துவிடும். மின்தடை பார்க்கும் மீட்டரை வைத்தால் தொள்ளாயிரத்துச் சொச்சம் ஓம் காட்டுகிறது, இருக்க வேண்டிய அளவு, குற்றம் சொல்ல இடமில்லை. ஆனால் இது ஆறிக் கிடக்கும்போது. பாரம் ஏற்றி மேட்டில் ஏறுகிற என்ஜினின் சூடு, சும்மா நிற்கிற என்ஜினுக்கு வராது...

"டாக்டரம்மா, பேஷண்ட் என்ன சொல்றாரு, பொழைப்பாரா?" டயர்க்காரன் குரல். ஓயாமல் பேசுவதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர், அணைக்கிற பொத்தான்தான் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. "பேஷண்ட் நல்லாதான் இருக்காரு, கூட வந்தவருக்குத்தான் முகம் செத்துக் கிடக்கு" என்றான். கூட வந்தவன் என்றால் தம்பி, தூக்கி நிறுத்திய கேபினுக்குக் கீழே சக்கரத்தின் மேல் கைவைத்து நின்றுகொண்டிருந்தான், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, குழந்தை பிறந்து மூன்று மாதம், அது இரவைப் பகலாக்குகிறது, அவன் மனைவி போன வாரம்கூட, அண்ணி, அவரு உக்காந்த எடத்துலயே கண்ண மூடிடறாரு, நீங்களாச்சும் ரெண்டு நாள் லீவு போடச் சொல்லுங்க என்றாள், சொல்லியிருக்கலாம், ஏன் சொல்லவில்லை, அவன் கேட்கமாட்டான் என்றா, அல்லது வேலை மும்முரத்தில் மறந்துபோனதா... மறந்துதான் போனாள்.

"வண்டி நின்னப்போ என்ஜின் சுத்தறதக் காட்டற முள்ளு எங்க இருந்துச்சுன்னு பாத்தியாடா?"

அவன் உடனே பதில் சொல்லவில்லை. எவ்வளவு நேரம், ஒரு மூச்சு நேரம் இருக்கும். "கீழ விழுந்துடுச்சுக்கா. வண்டி இன்னும் மேல ஏறிக்கிட்டுத்தான் இருந்துச்சு, முள்ளு மட்டும் படக்குன்னு படுத்துடுச்சு."

அப்படித்தான் விழ வேண்டும். இந்த சென்சார் செத்தால் முள் அப்படித்தான் விழும், சக்கரம் உருண்டுகொண்டிருக்கும்போதே, விழித்திருந்தவனுக்கு மட்டும்தான் அது தெரியும், தூங்குகிறவன் முள்ளைப் பார்ப்பானா. அவளுக்கு வந்த நிம்மதி பாதியிலேயே நின்றது, ஏனென்றால் இதே கதையை, முள் படக்கென்று படுத்துக்கொள்ளும் என்பதை, இதே சொல்லில், வேறொரு லாரியைப் பற்றி, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவனுக்குச் சொன்னவளே அவள்தான். போன வருஷமா, அதற்கும் முந்தியா? அவன் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறானா, காதால் கேட்டதைச் சொல்கிறானா? அந்த ஒரு மூச்சு நேரம் எதற்கு... சீ, தம்பி. தூக்கி வளர்த்த தம்பி. அதனால்தான் தெரியும், சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டால் இப்படித்தான் ஒரு மூச்சு விட்டுவிட்டுப் பதில் சொல்வான், ஆனால் உடைக்காதபோதும் அப்படித்தானே சொல்வான், பயந்த சுபாவம்.

போல்ட் அசைந்தது. எண்ணெய் ஊறியிருக்க வேண்டும், கிறீச்சென்று ஒரு சத்தம், பிறகு வழிக்கு வந்தது. சென்சாரைத் திருகித் திருகி இழுத்தாள், நுனியில் இரும்புத்தூள் மீசை மாதிரி ஒட்டியிருந்தது, துடைத்தாள், வெளியே எந்த விரிசலும் இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தபோது ஓனரின் செருப்புகள் தெரிந்தன.

"என்னம்மா, கம்ப்யூட்டர்ல என்ன காட்டுச்சு?"

ஒன்றும் இல்லை என்று சொல்லலாம். பொய்யும் இல்லை, இப்போது அதில் ஒன்றும் இல்லைதான். தம்பி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான், கம்ப்யூட்டர் தனக்காகப் பேசும் என்று காலையிலிருந்து நம்பிக்கொண்டு நிற்கிறான், ஒன்றும் இல்லை என்று கேட்டால் அவனுக்கே அவன் மேல் சந்தேகம் வந்துவிடும்.

"இருந்திருக்கும் சார். பாக்கறதுக்கு முன்னாடியே நான் அழிச்சிட்டேன். கைப் பழக்கம்."

ஓனர் கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம், கெட்டவராக இருந்தால் கத்தியிருப்பார், அவளும் கத்தியிருக்கலாம். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "பழக்கமா? இல்ல, தம்பின்னு அழிச்சியா?"

"ஏன் சார், தம்பிக்காக அழிக்கறவ அத உங்ககிட்ட ஏன் சொல்லப் போறா?" என்றான் ரேடியோ. வாழ்க்கையில் முதல் தடவையாக உபயோகமாகப் பேசினான், ஆனால் ஓனர் முகம் மாறவில்லை, தம்பி முகம்தான் மாறியது, அவன் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, கணக்கு வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு பார்வை... பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போது பேச வேண்டியது சென்சார்.

மீட்டரின் கம்பிகளை அதன் இரண்டு முனைகளிலும் கவ்வவிட்டு, மேஜையில் இடுக்கியில் நிறுத்தி, சூடான காற்று ஊதும் கன்னை எடுத்தாள். எல்லோரும் மீட்டரைச் சுற்றி நின்றார்கள். தொள்ளாயிரம், ஊத ஊத ஏறியது, ஆயிரம், ஏறத்தான் செய்யும், சூட்டில் எந்தக் கம்பிக்கும் அளவு ஏறும், ஏறுவது கோளாறு இல்லை, அறுந்தால்தான் கோளாறு, அறு, அறுந்து தொலை, ஆயிரத்து நூறு, ஏன் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாய், அவள் கன்னை இன்னும் கிட்டே கொண்டுபோனாள், பிளாஸ்டிக் காந்துகிற வாடை வந்தது, இன்னும் கிட்டே, கொஞ்சம், கொஞ்சம்... எண் மறைந்தது. திரையில் ஒன்றுமில்லை. கன்னை விலக்கி விசிறினாள், சற்று ஆறியதும் எண் தூங்கி எழுந்த மாதிரி திரும்பி வந்தது.

"போச்சா?" என்றார் ஓனர்.

"போச்சு. சூடானா அறுந்துடுது, ஆறுனா சேந்துக்குது."

"அப்ப வண்டிதான்." அவர் குரலில் இருந்ததும் நிம்மதிதான், டிரைவரைத் துரத்த அவருக்கும் ஆசை இல்லை. "மாட்டும்மா புதுச. சாயங்காலம் லோடு நிக்குது." தம்பி சக்கரத்தின் மேலிருந்து கையை எடுத்தான், காலையிலிருந்து முதல் தடவையாக. ரேடியோ அவன் முதுகில் ஒன்று போட்டான்.

புது சென்சார் அட்டைப்பெட்டியில் இருந்தது, எடுத்து ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவி உள்ளே தள்ளினால் வேலை முடிந்தது, எல்லோருக்கும் முடிந்தது. அவள் பெட்டியைப் பிரித்தாள். எவ்வளவு கிட்டே வைத்தோம்? என்ஜின் அந்தச் சூட்டுக்கு என்றைக்காவது போகுமா? காந்தல் வாடை இன்னும் மூக்கில் இருந்தது, என்ஜின் காந்தாது, காந்தினால் வேறு எல்லாம் போயிருக்கும், அவ்வளவு சூடு கொடுத்தால் எந்த சென்சாரும் வாயை மூடும், நல்லதும் மூடும், அப்படியானால் நான் கண்டுபிடித்தது கோளாறா, அல்லது நான் உண்டாக்கியது... யார் கேட்கப் போகிறார்கள், கேட்டவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் பழையது நல்லதாக இருந்தால்? புதியதை மாட்டிக்கொண்டு அதே மேட்டில், அதே பாரத்தோடு, இவன் மறுபடியும்... அன்றைக்கும் ஒருத்தி ஸ்கூட்டரை விட்டு இறங்கி, ஹெல்மெட்டோடு படியில்தான் நிற்பாள் என்று என்ன உறுதி?

"இருங்க சார். புதுசையும் ஒரு தடவ பாத்துடலாம்."

"புதுச் சாமானையா? கெட்டுப்போனா?"

"கெட்டா, பழையது மேல பழி இல்லன்னு ஆகும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. புதியதை இடுக்கியில் நிறுத்தினாள், முன்பு வைத்த அதே தூரம், ஏமாற்றக் கூடாது, தள்ளியும் வைக்கக் கூடாது, அதே காந்தல் வாடை வரும்வரை, தொள்ளாயிரத்து முப்பது, ஆயிரம், அவள் தம்பியைப் பார்க்கவில்லை, பார்த்தால் கை தள்ளிப்போகும் என்று தெரியும், ஆயிரத்து நூறு, இதோ இங்கேதான் பழையது, இதோ இப்போது போகும், போகப் போகிறது, ஆயிரத்து நூற்று ஐம்பது, ஆயிரத்து இருநூறு, வாடை வந்தது, இன்னும் கிட்டே, ஆயிரத்து இருநூற்று அறுபது, நின்றது. எண் அங்கேயே நின்றது. அவள் கன்னை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள், ஓனர் "போதும்மா, போதும்" என்று அவள் மணிக்கட்டைத் தொடும்வரை.

மாட்டினாள். வளையத்துக்கு எண்ணெய், திருகி உள்ளே, புது போல்ட், பிளக் சொடுக்கென்று உட்கார்ந்தது. கேபினை இறக்கினார்கள், என்ஜின் முதல் திருப்பிலேயே பிடித்தது, முள் எழுந்து தன் இடத்தில் நின்றது. ஓனர் வெளியே போய் போனில் யாரிடமோ, வண்டிதாங்க, பையன் மேல தப்பில்ல என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது, இதற்குத்தானே காலையிலிருந்து காத்துக்கொண்டு இருந்தது, இப்போது சந்தோஷப்பட வேண்டும், படுகிறேன், படாமல் என்ன... தம்பி கேபின் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றான்.

"அக்கா, ஓனர்தான் சரின்னுட்டாரே. அப்புறம் புதுச எதுக்குச் சுட்ட?"

"நிச்சயமாத் தெரிஞ்சுக்க வேண்டாமா? நீதானே ஓட்டப் போற."

"சென்சாரப் பத்தியா?"

சென்சாரைப் பற்றித்தான் என்று சொல்ல வாய் திறந்தாள். அந்தக் கடைசி நொடிகளில், ஆயிரத்து நூறைத் தாண்டியபோது, எண் போய்விடும் என்று பயந்தாளா, போய்விடும் என்று தெரிந்தே நின்றாளா? புதியது தாங்கியபோது முதலில் வந்தது நிம்மதி இல்லை. ஆச்சரியம். அது அவள் முகத்தில் தெரிந்திருக்கும், மற்றவர்கள் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவன் பார்த்துக்கொண்டிருந்தது அவளை.

"வீட்டுக்குப் போனதும் கொஞ்சம் தூங்குடா" என்றாள்.

"தூங்கறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டான்.

லாரி அன்று மாலை சிமெண்ட் ஏற்றிக்கொண்டு குவாரி மேட்டைக் கடந்தது. எங்கும் நிற்கவில்லை என்று ஓனர் அவளுக்குச் செய்தி அனுப்பினார். தம்பியிடமிருந்து செய்தி ஒன்றும் வரவில்லை.